பழைய ஜிப்சி வாங்கி நீங்களே ரிப்பேர் பண்ணினா பணம் மிச்சமா? முழுக் கணக்கு



வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துட்டு, சனிக்கிழமை காலையில ஸ்பேனரைக் கையில எடுக்கணும்னு ஆசைப்படறவங்க நிறைய பேர் இருக்காங்க. அந்த ஆசைக்கு முதல்ல கண்ணுல படற வண்டி பெரும்பாலும் பழைய மாருதி ஜிப்சிதான். "ஒரு 3 லட்சத்துக்கு வண்டியை வாங்குவோம், வீட்டுலயே ரிப்பேர் பண்ணுவோம், டயரை மாத்துவோம், பெயிண்ட் அடிப்போம். புது தார் விலையில பாதிகூட ஆகாது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கணக்குல சில வரிகள் விட்டுப்போயிருக்கு. அந்த வரிகளைத்தான் இந்தப் பதிவுல நிரப்பப் போறோம்.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். நீங்களே வேலை பார்க்கறதால முதல் வருஷம் மிச்சமாகற பணம் ரொம்பக் கொஞ்சம். உண்மையான லாபம் இரண்டாவது வருஷத்துலேருந்துதான் வரும். அதுவும் செலவை எந்த வரிசையில பண்றீங்கங்கறதைப் பொறுத்துதான் வரும். எப்படின்னு பார்ப்போம்.

ஏன் ஜிப்சி?

ஜிப்சி இந்தியாவுக்கு வந்தது 1985ல. முதல்ல 970 சி.சி. இன்ஜின். 1996ல 1298 சி.சி. இன்ஜினோட 'ஜிப்சி கிங்' வந்துச்சு. 2000ல கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்துச்சு. ராணுவத்துலயும் போலீஸ்லயும் பல வருஷம் ஓடின வண்டிங்கறதால, இதைத் தெரிஞ்ச மெக்கானிக்கும் ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கறது மத்த பழைய வண்டிகளை விட சுலபம்.

கட்டமைப்பும் எளிமையானது. தனி சேசிஸ், அதுமேல பாடி. நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்சில். பானட்டைத் திறந்தா கையை விட்டு வேலை பார்க்க இடம் இருக்கும். சென்சாரும் குறைவு. வீட்டுல வேலை கத்துக்கறவங்களுக்கு இது நல்ல வண்டின்னு சொல்றதுக்கு இதெல்லாம்தான் காரணம்.

அதே எளிமைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. அதனால இந்த வண்டியில பிரேக், டயர், சீட் பெல்ட் மூணும்தான் உங்க பாதுகாப்பு. செலவு வரிசையை முடிவு பண்ணும்போது இதை மறக்கக் கூடாது.

வாங்கும் விலைக்கு மேல எவ்வளவு?

28 வயசு, கையில 55,000 ரூபாய் சம்பளம் வாங்கற ஒருத்தர் 3 லட்சத்துக்கு 16 வருஷ ஜிப்சி வாங்கறார்னு வெச்சுக்கோங்க. கீழே இருக்கற தொகைகள் உதாரணக் கணக்குதான். உங்க ஊர் மெக்கானிக்கிட்டயும் ஸ்பேர் கடையிலயும் விலை கேட்டு, அந்த எண்ணைப் போட்டுக்கோங்க.

வண்டி விலை: 3,00,000
பேர் மாற்றம், ஆர்.சி. புதுப்பிப்பு, வரி, இன்சூரன்ஸ்: 25,000
அஞ்சு டயர், பிரேக், ஹோஸ், பேட்டரி: 65,000
துரு சுத்தம், டிங்கரிங், பெயிண்ட்: 30,000
கருவிகள்: 12,000
எதிர்பாராத வேலைக்கு, வண்டி விலையில 20%: 60,000
மொத்தம்: 4,92,000

அதாவது 3 லட்ச வண்டி கிட்டத்தட்ட 5 லட்ச வண்டி. இதுல ஒரு அலங்கார சாமான்கூட இன்னும் சேரலை.

இப்போ முக்கியமான கேள்வி. நீங்களே வேலை பார்த்தா இதுல எது குறையும்? ஸ்பேர் விலை குறையாது. ஆர்.டி.ஓ. கட்டணம் குறையாது. கூலி மட்டும்தான் குறையும். பாதுகாப்பு வேலைக்கும் துரு வேலைக்கும் சேர்த்து 95,000 போட்டிருக்கோம். அதுல கூலி 25,000ன்னு வெச்சுக்குவோம். எல்லா வேலையையும் வீட்டுல பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நீங்க பார்க்கக்கூடிய வேலைகளோட கூலி 15,000னு எடுத்துக்கிட்டா, மொத்தச் செலவுல அது 3%தான். அதுலயும் 12,000 கருவிக்குப் போயிடுது. முதல் வருஷ நிகர மிச்சம் 3,000 ரூபாய்.

மூணாயிரத்துக்கா இவ்வளவு பாடு? இல்லை. கருவிச் செலவு ஒரு தடவைதான். அடுத்த வருஷத்துலேருந்து கூலி மிச்சம் முழுசா உங்களுக்கு. அதைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. வண்டியோட ஒவ்வொரு பாகமும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். "கியர்பாக்ஸை இறக்கணும் சார்"னு யாராவது சொன்னா, எதுக்குன்னு கேட்கத் தெரியும். தேவையில்லாம ஒரு பெரிய வேலை நடக்காம தடுத்தாலே கருவிக்குப் போட்ட காசு திரும்பிடும்.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர்

நம்ம ஆளுங்க இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுத்துடறாங்க. முதல்ல பார்க்க வேண்டியது ஆர்.சி.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் எஃப்.சி. காட்டி அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். படிவம் 25ல, காலாவதி ஆகறதுக்கு 60 நாள் முன்னாடியிலேருந்து விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1லேருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்ல வந்த திருத்தத்துல 20 வருஷம் தாண்டின காருக்கு அது 10,000 ஆச்சு. தாமதத்துக்கு மாசம் 500 ரூபாய் தனி. தமிழ்நாட்டுல பசுமை வரியும் உண்டு. "ஆர்.சி. முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு, நீங்க பார்த்துக்கோங்க"ன்னு விக்கறவர் சொன்னா, அந்தத் தொகையை விலையில கழிச்சுப் பேசுங்க. இன்னும் நல்லது, அவரையே புதுப்பிச்சுத் தரச் சொல்றது. எஃப்.சி.ல வண்டி தேறலைன்னா அந்தச் சுமை உங்க தலையில விழாது.

அடுத்து இதெல்லாம் பாருங்க:

சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோட ஒத்துப்போகுதா? ஜிப்சியில இன்ஜின் மாத்தின வண்டிகள் சுத்திக்கிட்டு இருக்கு. பெட்ரோல் வண்டியில டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்து, ஆர்.சி.ல பெட்ரோல்னே இருந்தா, அந்த வண்டி வேண்டாம். விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் வேண்டாம்.

ஆர்.சி.ல வங்கிக் கடன் குறிப்பு இருக்கா? இருந்தா, கடன் முடிஞ்சதுக்கான வங்கி என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வேணும். நிலுவை அபராதம் இருக்கான்னு பரிவாஹன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துடுங்க.

வெளிமாநில வண்டியா? டெல்லி வண்டிகள் விலை குறைவா கிடைக்கக் காரணம், அங்கே 10 வருஷம் தாண்டின டீசலுக்கும் 15 வருஷம் தாண்டின பெட்ரோலுக்கும் வந்த தடை. இங்கே கொண்டுவரணும்னா படிவம் 28ல என்.ஓ.சி. வாங்கணும், தமிழ்நாட்டுல வரி திரும்பக் கட்டணும், மறுபதிவு பண்ணணும். லாரி வாடகையையும் சேர்த்தா 'மலிவு' எங்க போச்சுன்னு தேடணும்.

பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிச்சுடுங்க.

பணத்தை வங்கி வழியா மட்டும் கொடுங்க. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறதை வருமான வரிச் சட்டம் தடை பண்ணுது. அபராதம் வாங்கினவருக்குத்தான், வாங்கின தொகை அளவுக்கு. ஆனா நாளைக்கு ஏதாவது தகராறு வந்தா, ரொக்கம் கொடுத்ததுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்காது.

பேப்பர் சரியா இருந்தா, அப்புறம் வண்டிக்குக் கீழே டார்ச் அடிச்சுப் பாருங்க. சேசிஸ்ல ஓட்டை விழுற அளவு துரு இருந்தா ஒதுங்கிடுங்க. பாடி துருவைச் சரி பண்ணலாம், சேசிஸ் துரு வேற கதை. மண் தரையில ஃபோர் வீல் போட்டு, லோ கியர்லயும் ஓட்டிப் பார்க்கணும். தார் ரோட்டுல போட்டுப் பார்க்காதீங்க. இந்த வண்டியில முன், பின் ஆக்சிலுக்கு நடுவுல டிஃபரன்ஷியல் இல்லை. பிடிப்பான ரோட்டுல ஃபோர் வீல் போட்டுத் திருப்பினா, கியரும் ஷாஃப்ட்டும் முறுக்கிக்கும்.

எது உங்க வேலை, எது மெக்கானிக் வேலை?

இதை மூணு கூடையா பிரிச்சுக்கலாம்.

முதல் கூடை, நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி டெர்மினல் சுத்தம், ஃபேன் பெல்ட், வைப்பர், பல்பு. இதோட சேர்த்து இந்த மாதிரி வண்டிக்கே உரிய ஒரு வேலையும் இருக்கு. புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ்ல இருக்கற கிரீஸ் நிப்பிளுக்கு கிரீஸ் கன் வெச்சு கிரீஸ் அடிக்கறது. செலவு கொஞ்சம்தான். ஆனா விட்டுட்டா கிராஸ் பேரிங் போய், ஓட்டும்போது 'டக் டக்'னு அடிக்கும்.

தண்ணியில இறக்கி ஓட்டினீங்கன்னா, டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு தடவை திறந்து பாருங்க. பால் கலந்த டீ நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. உடனே மாத்தணும். ஆயில் மாத்தற செலவு எங்கே, கியர் மாத்தற செலவு எங்கே!

துருவும் இந்தக் கூடையில வரும். கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, துருவை மாத்தற கெமிக்கல் போட்டு, பிரைமர் அடிச்சு, அப்புறம் பெயிண்ட். பொறுமை மட்டும் வேணும். கடையில இதுக்குத்தான் கூலி அதிகம், அதனால உங்க மிச்சமும் இங்கேதான் அதிகம்.

இரண்டாவது கூடை, ஒரு தடவை தெரிஞ்சவரோட சேர்ந்து பார்த்துட்டு அப்புறம் நீங்களே பார்க்கலாம். பிரேக் பேட், கூலன்ட், வீல் பேரிங் கிரீஸ், லீஃப் ஸ்பிரிங் புஷ், ஹெட்லைட் ரிலே வயரிங். முன் ஆக்சில்ல ரெண்டு சக்கரத்துக்கும் உள்பக்கம் உருண்டையா ஒரு நக்கிள் இருக்கும். அதோட சீல் போனா கிரீஸ் வழியும். அங்கே இருக்கற பேரிங் தேஞ்சா ஸ்டீயரிங் ஆட ஆரம்பிக்கும். இது பழைய ஜிப்சியில சகஜம். முதல் தடவை மெக்கானிக் செய்யும்போது பக்கத்துல நின்னு பாருங்க. அந்தக் கூலி உங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் மாதிரி.

மூணாவது கூடை, கையே வைக்காதீங்க. சேசிஸ் வெல்டிங், ஸ்டீயரிங் பாக்ஸ், பிரேக் லைன் மாத்தறது, கியர்பாக்ஸ், ஃப்யூயல் லைன், டைமிங் பெல்ட். இதுல தப்பு நடந்தா போறது பணம் மட்டும் இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். ஜாக்கி மேல மட்டும் நிக்கற வண்டிக்குக் கீழே படுக்கவே கூடாது. சமதரை, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை, வண்டி எடையைத் தாங்கற ரெண்டு ஜாக் ஸ்டாண்டு. கருவிப் பட்டியல்ல முதல் வரி இதுதான். செங்கல் அடுக்கறது, ஹாலோ பிளாக் வைக்கறது எதுவும் வேண்டாம், உடைஞ்சு சரிஞ்சுடும். கருவிக்குப் போட்ட 12,000ல எதைக் குறைச்சாலும் இதைக் குறைக்காதீங்க.

பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் சேகரிக்கற ஒர்க் ஷாப்ல கொடுத்துடுங்க.

ஸ்பேர் வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28%லேருந்து 18% ஆயிடுச்சு. வரி இல்லாம 10,000 ரூபாய் பொருள், முன்னாடி 12,800. இப்போ 11,800. "பில் இல்லாம தர்றேன்"னு சொல்ற கடையில போலிச் சரக்கு வந்தா, திருப்பிக் கொடுக்க உங்ககிட்ட எதுவும் இருக்காது. பிரேக் பேட் மாதிரி சாமான்ல அந்த ரிஸ்க் வேண்டவே வேண்டாம். எல்லா பில்லையும் ஒரு ஃபைல்ல போட்டு, கிலோமீட்டரும் தேதியும் எழுதி வைங்க. நாளைக்கு விக்கும்போது அந்த ஃபைல்தான் உங்க வண்டிக்குப் பேசும்.

அப்கிரேட்: சட்டம் என்ன சொல்லுது?

ரீல்ஸ்ல பார்க்கற பெரும்பாலான மாற்றங்கள் சட்டத்தோட மோதுது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்றது இதுதான்: ஆர்.சி.ல இருக்கற விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதுலேருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல, சட்டத்துக்கு மாறா வண்டியை மாத்தற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும்னு சேர்த்திருக்காங்க.

முன்னாடி மாட்டற இரும்பு புல் பார்? அது பிரிவு 52க்கு எதிரானதுன்னு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. நடந்து போறவங்க மேல இடிச்சா அடி ரொம்ப மோசமா இருக்கும்ங்கறதுதான் காரணம்.

கலர் மாத்தலாம். ஆனா ஆர்.டி.ஓ.ல சொல்லி ஆர்.சி.ல பதியணும். இன்ஜினைக் கழட்டி அதே மாதிரி வேற இன்ஜின் போட்டாலும் அனுமதியும் பதிவும் வேணும்.

டயர்தான் எல்லாரும் முதல்ல கை வைக்கற இடம். ஜிப்சி கிங்கோட அளவு 205/70 ஆர்15. உயரம் சுமார் 668 மி.மீ. பலர் போடறது 235/75 ஆர்15. அது சுமார் 733 மி.மீ. கிட்டத்தட்ட 10% பெரிசு. விளைவு என்ன? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி நிஜத்துல 66ல போகும். சக்கரம் பெரிசானதால இன்ஜினுக்கு இழுக்கற வேலை கூடும், மேட்டுல கியர் குறைக்க வேண்டி வரும், பிரேக்குக்கும் சுமை கூடும். 1.3 லிட்டர் இன்ஜின்தானே, அது உணரும். ஒரிஜினல் அளவுலயே நல்ல டயர் போடுங்க. டயர் ஓரத்துல இருக்கற நாலு இலக்கத்தையும் பாருங்க. 2316னு இருந்தா 2016ல 23வது வாரம் தயாரிச்சது. கட்டை தேயாம இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் வேண்டாம்.

ஹெட்லைட் இன்னொண்ணு. 60 வாட் பல்பு ரெண்டுக்கு 12 வோல்ட்ல 10 ஆம்பியர் ஓடும். 100 வாட் போட்டா கிட்டத்தட்ட 17 ஆம்பியர். இருபது வருஷ வயரும் சுவிட்சும் அதைத் தாங்காது, உருகும். பல்பை மாத்தாம, ஃபியூஸும் ரிலேயும் போட்டு பேட்டரியிலேருந்து நேரா வயர் இழுத்தாலே பழைய வண்டியில வெளிச்சம் நல்லா கூடும். செலவும் குறைவு, எதிர்ல வர்றவங்க கண்ணும் கூசாது.

இன்சூரன்ஸ்: பழைய வண்டிக்கு வேற கணக்கு

தேர்ட் பார்ட்டி கட்டாயம். 2022 ஜூன்லேருந்து உள்ள விகிதப்படி 1000 சி.சி.க்கு மேல 1500 சி.சி. வரை உள்ள காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஜிப்சி கிங் இந்த வரிசையில வரும்.

ஓன் டேமேஜ் எடுத்தாலும் எவ்வளவு கிடைக்கும்னு பாருங்க. 10 வருஷம் தாண்டின வண்டிக்கு, மாத்தற இரும்புப் பாகத்துல 50% தேய்மானம் கழிப்பாங்க. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வண்டி வயசு என்னவா இருந்தாலும் 50%. ஒரு இடிக்கு இரும்புப் பாகம் 20,000, பிளாஸ்டிக் 6,000, கூலி 8,000, மொத்தம் 34,000 ஆச்சுன்னு வைங்க. கம்பெனி தர்றது 10,000 + 3,000 + 8,000 = 21,000. கட்டாயக் கழிவு 1,000 போனா 20,000. உங்க கையிலேருந்து 14,000. தேய்மானம் கழிக்காத பாலிசி இவ்வளவு பழைய வண்டிக்குப் பொதுவா கிடைக்காது.

ஐ.டி.வி.யும் 5 வருஷம் தாண்டினா அட்டவணைப்படி வராது. நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். போட்டோவும் பில்லும் காட்டி நியாயமான தொகையைக் கேளுங்க. கூடுதலா மாட்டின எலக்ட்ரிகல் சாமானைப் பாலிசியில அறிவிச்சு, அதுக்கும் பிரீமியம் கட்டினாத்தான் கவர் ஆகும். சட்டத்துக்கு மாறான மாற்றம் வண்டியில இருந்தா, கிளெய்மை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

பணம் எங்கேருந்து?

பர்சனல் லோன் போட்டு இந்த வேலையில இறங்காதீங்க. 3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா மாசத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் சுமார் 69,000. மேலே பார்த்தோமே, நீங்களே வேலை பார்த்து வருஷத்துக்கு மிச்சம் பிடிக்கறது 15,000. மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை எல்லாம் கீழே படுத்து வேலை பார்த்தாலும் 45,000. அந்த லோனோட வட்டிக்கே அது பத்தாது.

என் பரிந்துரை இந்த வரிசை. முதல்ல 6 மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு பாக்கி பூஜ்யம். இது மூணும் முடிஞ்ச பிறகு வண்டிக்குன்னு தனிக் கணக்கு. வண்டி விலையும் முதல் வருஷச் செலவும் சேர்த்து முழுத்தொகை சேர்ந்த பிறகு வாங்குங்க. உதாரணத்துல அது 4,92,000, வெறும் 3 லட்சம் இல்லை. வாங்கின பிறகு மாசம் 5,000 ஒரு ஆர்.டி.யில போடுங்க. வருஷத்துக்கு 60,000. அது உங்க சொந்த ஓன் டேமேஜ் பாலிசி மாதிரி. கிளட்ச் போனாலும் கிரெடிட் கார்டைத் தேட வேண்டாம்.

செலவு வரிசை: முதல்ல பேப்பர். ரெண்டாவது பிரேக், டயர், சீட் பெல்ட், ஸ்டீயரிங். மூணாவது நடுவழியில நிக்காம இருக்கறதுக்கான வேலை, அதாவது ஹோஸ், பெல்ட், பேட்டரி, கூலிங். நாலாவது துரு. கடைசியா அழகு. ரீல்ஸ் இதைத் தலைகீழாக் காட்டும். பெயிண்ட் பளபளன்னு இருந்து பிரேக் பிடிக்காத வண்டியில நீங்க உங்க அம்மாவையும் உட்கார வைக்கப் போறீங்க, அதை நினைச்சுக்கோங்க.

விக்கும்போது என்ன ஆகும்?

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை விக்கும்போது லாபம் வந்தா கேப்பிட்டல் கெயின்ஸ் வரி கிடையாது. தனிப்பட்ட உபயோகப் பொருள்னு சட்டம் அதை விலக்கி வெச்சிருக்கு. அதே காரணத்தால நஷ்டம் வந்தா, ஷேர் லாபத்தோட அதைக் கழிக்கவும் முடியாது. ரிப்பேர் செலவுக்குச் சம்பள வருமானத்துல எந்தக் கழிவும் இல்லை. டீலர்கிட்ட வாங்கினா அவரோட மார்ஜின் மேல 18% ஜி.எஸ்.டி. உண்டு, அது விலைக்குள்ளயே இருக்கும். தனி நபர்கிட்ட வாங்கினா ஜி.எஸ்.டி. கிடையாது.

"கல்யாண ஷூட்டுக்கு வாடகைக்கு விட்டு காசை எடுத்துடலாம்"னு சிலர் திட்டம் போடறாங்க. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடறது பர்மிட் விதிக்கு எதிரானது. விபத்து நடந்தா இன்சூரன்ஸும் சிக்கல். அந்த வருமானத்தை நம்பி வண்டி வாங்காதீங்க.

நீங்க போட்ட விஞ்ச், மியூசிக் சிஸ்டம், பெரிய டயருக்கு வாங்கறவர் தனியா காசு தரமாட்டார். நல்ல ஆர்.சி., துரு இல்லாத சேசிஸ், பில் ஃபைல் இதுக்குத் தருவார். அதனால அப்கிரேடுக்குப் போடற ஒவ்வொரு ரூபாயையும் சினிமா டிக்கெட் மாதிரி செலவுன்னு எழுதிக்கோங்க. முதலீடுன்னு எழுதாதீங்க. சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பே இல்லை. அதுக்குப் பேர் மட்டும் சரியா வைக்கணும்.

யார் வாங்கலாம், யார் காத்திருக்கலாம்?

தினம் ஆபீஸ் போக இது ஒண்ணுதான் வண்டின்னா வேண்டாம். பாதி பிரிச்சுப் போட்ட வண்டியோட திங்கக்கிழமை காலையில நிக்க முடியாது. மூடின பார்க்கிங், வேலை பார்க்க சமதரை இல்லைன்னா யோசிங்க. அப்பார்ட்மெண்ட்னா அசோசியேஷன்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. ரெண்டு வருஷத்துல கல்யாணம், வீட்டு லோன் ஏதாவது வரிசையில இருந்தா அதை முடிச்சுட்டு வாங்க. ஜிப்சி காத்திருக்கும்.

ஆனா பைக்கோ பஸ்ஸோ தினசரிக்கு இருக்கு, மேலே சொன்ன முழுத்தொகை கையில இருக்கு, வாரக் கடைசியில கை கறுப்பாகறது பிடிக்கும்னா தாராளமா வாங்குங்க. நாலு வருஷம் கழிச்சு விக்கும்போது கொஞ்சம் நஷ்டம் வரலாம். ஆனா கத்துக்கிட்ட வேலை அடுத்த வண்டிக்கும் உங்களோட வரும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. மேலே இருக்கற ஆறு வரிப் பட்டியலை எக்செல்ல போட்டு, உங்க ஊர்ல ரெண்டு மெக்கானிக்கிட்டயும் ஒரு ஸ்பேர் கடையிலயும் விலை கேட்டு நிரப்புங்க. மொத்தத்தைப் பார்த்த பிறகும் ஆசை குறையலைன்னா, சேமிக்க ஆரம்பிச்சுடலாம். அடுத்த வீடியோவுல பழைய வண்டிக்கு ஐ.டி.வி. பேசறது எப்படின்னு விவரமா பார்ப்போம்.